டிக்கியில் காயாத ரெசின்

என் தம்பி இறந்து நெடுநாள் கழித்து அவனுடைய காரின் டிக்கியைத் திறந்தேன். உள்ளே அவன் பூசிவிட்டுப் போயிருந்த ரெசின் பசை இன்னும் காயாமல் இருந்தது.

வழிகிற ஈரம் இல்லை. விரலை வைத்தால் ஒட்டியது, எடுக்கும்போது சற்று இழுத்தது. கண்ணை எரிக்கிற அந்த மணமும் அப்படியே இருந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவ மேலே போனவன் இதோ திரும்பி வரப்போகிறான் என்கிற மாதிரி பிரஷும் டப்பாவும் கிடந்தன. பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் கேலி பண்ணியே ஆளை ஒரு வழி பண்ணிவிடுகிறவள் நான். அன்றைக்கு டிக்கியைப் படாரென்று அடித்துச் சாத்திவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் நாலு மாடியும் படியேறி வந்தேன். மூச்சு வாங்கியது வயதினால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் செய்துகொண்டிருந்தது சப்வூஃபருக்கு ஒரு பெட்டி. பாட்டில் காதைவிட நெஞ்சில் போய் இடிக்கிற ஒரு சத்தம் இருக்கிறதே, அந்த அடிச்சத்தத்தை மட்டும் தருகிற பெரிய ஸ்பீக்கர்தான் சப்வூஃபர். அதைக் காற்றுப் புகாத பெட்டி ஒன்றுக்குள் பொருத்தினால்தான் அதற்குக் குரல் வரும். சதுரப் பெட்டிகள் கடையிலேயே கிடைக்கும். பல வருடம் அப்படியொன்றைத்தான் அவன் வைத்திருந்தான். பிறகு அது பிடிக்காமல் போய்விட்டது. டிக்கியின் இடது மூலையில், டயர்ச் சில்லுக்குப் பின்னால், ஒன்றுக்கும் உதவாத கோணல் மாணலான குழி ஒன்று உண்டு. அந்தக் குழிக்கு அச்சாகப் பொருந்துகிற பெட்டியை ஃபைபர் கிளாஸில் தானே வார்க்கப் போவதாகச் சொன்னான்.

“எல்லாரும் காருக்குள்ள பெட்டியை வைக்கிறாங்கள் அக்கா. நான் காரிலேயே பெட்டி முளைச்ச மாதிரிச் செய்யப் போறன்.”

“உனக்கு முளைக்க வேண்டியது மண்டைக்குள்ள” என்றேன்.

அவன் சிரித்தான். குழி முழுக்க டேப் ஒட்டி, கண்ணாடி நார்ப் பாயைத் துண்டு துண்டாக வெட்டிப் பரப்பி, ரெசினில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கலந்து பூசினான். அது இறுகிக் கல் மாதிரி ஆனதும் மேலே வட்டப் பலகை, துணி, மறுபடி ரெசின் என்று போக வேண்டும். முதற்படியோடு அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

அது கொரோனாக் காலம். கூடப் பிறந்தவள் என்பதால் நான் சொல்வதை நம்புங்கள், அவன் கிழமைக்கு ஒரு சளி பிடிக்கிற சோனியன் இல்லை. மூன்று ஆள் பலம் உள்ளவன். தானே நடந்து போய் அம்புலன்ஸில் ஏறினான். அம்மாவுக்கும் தொற்று என்று வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். சில நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எனக்குத் தொற்று இல்லாததால் என்னை மட்டும் மயானத்துக்கு விட்டார்கள். எங்கள் ஆட்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, ஆனால் போக வேறு யாரும் இல்லை. சவப்பெட்டியை மூடி, பொலித்தீன் சுற்றி, தூரத்தில் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தது அவன்தான் என்று ஒரு காகிதம் சொல்லியது. முகம் பார்க்கவில்லை. கிரியை இல்லை. வாய்க்கரிசி போடவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஐயர் போனில்தான் வந்தார். தேங்காயில் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்தபடி அவர் மந்திரம் சொல்ல, சிக்னல் விட்டு விட்டு வந்தது. அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

அன்றிலிருந்து அம்மா ‘செத்துப்போனான்’ என்ற சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. ‘அவன் இல்லாத நேரம்’ என்பார். ‘அவன் வந்தால்’ என்பார். சனங்கள் துக்கம் விசாரிக்க வந்தால் தேத்தண்ணி கொடுத்து வேறு கதை கதைத்து அனுப்பிவிடுவார். அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது. முந்தி அவன் வேலையால் வந்து ஒழுங்கைக்குள் காரைத் திருப்பியதும், பெட்டிச் சத்தத்தில் எங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் கிளாஸ்கள் கிடுகிடுக்கும். அம்மா எழும்பிச் சோற்றைப் போடுவார். ஆள் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. பொழுது படுகிற நேரம் அம்மா திடீரென்று நிமிர்ந்து, “கார் வந்திட்டுது” என்பார். சாப்பாட்டுக் கோப்பையை எடுப்பார். அவன் கோப்பையில் சோறும் கறியும் வைத்து மூடிவிட்டு, தானும் சாப்பிடாமல் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“அம்மா, அது ரயில்” என்பேன். கடற்கரைப் பாதையில் பாணந்துறைக்குப் போகிற ரயில் எங்கள் கட்டடத்தையே ஆட்டிவிட்டுத்தான் போகும்.

“ரயில் எனக்குத் தெரியாதே? நாப்பது வருசமாக் கேக்கிறன்.”

கோபப்பட்டிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், கையைப் பிடித்துக் கெஞ்சியும் இருக்கிறேன். ஒன்றும் பலிக்கவில்லை. அம்மா மெலிந்துகொண்டே போனார். காப்புறுதிக் கம்பனி வேலையால் களைத்து வந்து, ஆறிப்போன சோற்றுக்கு முன்னால் ஒரு கிழவியோடு மல்லுக்கட்டுவதுதான் என் பின்னேரம் என்றாகிவிட்டது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரயில் போய் முடிந்த பிறகும் அலுமாரிக்குள் ஏதோ ஒரு கிளாஸ் மட்டும் கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

பெற்றோல் வரிசைகள் வந்தன, போயின. கார் கீழே தூசி படிந்து நின்றது. கல்கிசையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அதை வாங்கக் கேட்டார். அவருக்குக் காட்டத்தான் அன்றைக்கு டிக்கியைத் திறந்தேன். அம்மா கேட்டவுடனே முடியாது என்று தலையாட்டிவிட்டார்.

“அவன் தொடங்கினதை முடிக்காமல் குடுக்கேலாது. குறை வேலை கிடக்கிறதாலதான், பிள்ளை, அவன் வாறான். முடிச்சுப் போடு.”

“ஆர் முடிக்கிறது? நானோ?”

“வேற ஆர் இருக்கினம்?”

நியாயமான கேள்வி. எனக்கு ஆவியில் நம்பிக்கை இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிற ஒரு மனுசி சுடச் சுடச் சாப்பிட வேண்டும் என்பதில் நம்பிக்கை உண்டு. பெட்டி முடிந்தால் அம்மா காத்திருப்பதை நிறுத்துவார் என்றால், பெட்டியை முடித்துத் தொலைப்போம் என்று முடிவு செய்தேன்.

தம்பியோடு படித்த ஒருவன் கொட்டாஞ்சேனையில் வீட்டு முன்பக்கத்துத் தகரக் கொட்டகையில் கார்களுக்கு ஸ்பீக்கர் செட் பூட்டுகிற தொழில் செய்கிறான். மாதா கோயிலுக்குப் பின்பக்கம், இரண்டு கார் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாத ஒழுங்கை. புது பற்றரி போட்டு ஒரு சனிக்கிழமை காரை அங்கே கொண்டுபோனேன். டிக்கியைத் திறந்ததும் அவன் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தான்.

“என்ன அக்கா இது, நேத்துப் பூசின மாதிரி இருக்கு.”

“அதைத்தான் நானும் கேக்கிறன்.”

அவன் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். “ஹார்ட்னர் பத்தல அக்கா. இந்தப் பக்கம் மட்டும் குறைச்சிக் கலந்திருக்கான். காய்ச்சலோட செஞ்சானோ என்னமோ. இது இப்படியே விட்டா இன்னும் எத்தன வருசம் போனாலும் காயாது.”

விளக்கம் கிடைத்துவிட்டது. விளக்கம் கிடைத்தால் பயம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் அந்த டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தவர்கள் இல்லை. நார்களுக்கு நடுவில் நாராக ஒரு தலைமயிர் ரெசினுக்குள் பதிந்திருந்தது. கறுப்பாக, அரைவட்டமாக. அதை அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். அசிட்டோனில் நனைத்த துணியால் ஒட்டுகிற இடத்தையெல்லாம் துடைத்தவன் அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் கொட்டாஞ்சேனையில் போயின. காயாத பக்கத்துக்கு மேல் ஹார்ட்னரைத் தாராளமாக விட்டு இன்னொரு பூச்சுப் பூசினோம். அது சூடேறி, தொட முடியாமல் கொதித்து, இறுகியது. அன்றைக்கு எனக்கு மனது என்னவோ போல் இருந்தது. இறுகட்டும் என்றுதானே வந்தேன், பிறகு ஏன் அப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இறுகிய வார்ப்பைக் குழியிலிருந்து கழற்றி வெளியே எடுத்தோம். நடுவில் ஓட்டை வெட்டிய வட்டப் பலகையைச் சாய்வாக நிறுத்தி, அதற்கும் வார்ப்பின் விளிம்புக்கும் நடுவே இழுபடுகிற துணியை மத்தளத் தோல் போல இழுத்து ஒட்டி, துணி குடிக்கிற மட்டும் ரெசின் ஊற்றினோம். துணி கல்லானது. அதற்கு மேல் பட்டி பூசித் தேய்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடித் தூள் கையெல்லாம் ஏறி, கிழமை முழுக்க அலுவலகத்தில் குரங்கு மாதிரிச் சொறிந்துகொண்டிருந்தேன்.

ஒரு பின்னேரம் அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டார். “அவனுக்கும் இப்பிடித்தான் தடிச்சது” என்றார். “வந்தா அவனுக்கும் பூசவேணும்.” நான் கையை இழுத்துக்கொண்டேன்.

பெட்டி சாம்பல் நிறப் பெயின்ற்றோடு அழகாகத்தான் வந்தது. கொட்டாஞ்சேனையில் கோயில் திருநாள் தொடங்கிவிட்டதால் ஒழுங்கைக்குள் கார் போக முடியாது, நான் அடுத்த கிழமை வெள்ளவத்தைக்கே வந்து பூட்டித் தருகிறேன் என்றான் தம்பியோடு படித்தவன். அதற்கு முன்னால் பெட்டிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து சொல்லச் சொன்னான். தம்பி வாங்கி வைத்த ஸ்பீக்கருக்கு இவ்வளவு காற்று வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். கூடினால் உள்ளே பஞ்சு அடைக்கலாம், குறைந்தால் வேறு வழி பார்க்கலாம்.

“இந்தக் கோணல் சாமானை என்னெண்டு அளக்கிறது?” என்று போனில் கேட்டேன்.

“அரிசி போடுங்க அக்கா. ஸ்பீக்கர் பூட்டுற ஓட்டையால லீட்டர் லீட்டரா அரிசி ஊத்தி எண்ணுங்க. தண்ணி வேணாம், மணல் வேணாம். எல்லாரும் அரிசியாலதான் அளக்கிறது. அளந்திட்டுச் சமைச்சிரலாம்.”

அவன் வேதக்காரன், கத்தோலிக்கன். அவர்கள் குழிக்குள் ஒரு பிடி மண் போடுகிறவர்கள். அவனுக்கு அது தோன்றியிருக்க நியாயமில்லை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. பெயின்ற் கறைபடக்கூடாது, தவிடு ஒட்டக்கூடாது என்று யோசித்தேன். சிவப்பரிசி வேண்டாம் என்று முடிவு செய்து, மார்க்கெட்டுக்குப் போய் நல்ல வெள்ளைப் பச்சையரிசியாகப் பார்த்து ஒரு மூட்டை வாங்கிவந்தேன். அவ்வளவு கவனம்.

அந்தக் கார் இப்போது கல்கிசையில் ஓடுகிறது, பெட்டியும் அதோடு போய்விட்டது. அதற்குள் எத்தனை லீட்டர் இடம் இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அளந்தது நான்தான், இருந்தும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே கார் நிறுத்துமிடத்தில் பேப்பர் விரித்து, பெட்டியை மல்லாக்காகக் கிடத்தினேன். மேலே பார்த்தபடி அந்த வட்ட ஓட்டை. உள்ளே இருட்டு. சோடாப் போத்தல் ஒன்றை ஒரு லீட்டர் அளவில் வெட்டி வைத்திருந்தேன். முழங்காலிட்டு, அள்ளி ஊற்றி, பிழைத்துவிடக்கூடாது என்று சத்தமாக எண்ணினேன். அரிசி உள்ளே சரிந்து போகிற சத்தம் நன்றாக இருந்தது. தம்பி பக்கத்தில் நின்றால் ‘அக்கா, குலுக்கி விடு, இடைவெளி இருக்கும்’ என்று நச்சரிப்பான் என்று நினைத்து, உண்மையிலேயே குலுக்கிவிட்டேன்.

அப்போது லிஃப்ட் திறந்தது. அம்மா வந்தார். அவன் அம்புலன்ஸில் ஏறிய நாளிலிருந்து அம்மா கீழே வந்ததே இல்லை. கையில் எனக்குத் தேத்தண்ணி. நான் நெடுநேரமாக மேலே வரவில்லை என்று கொண்டுவந்திருக்கிறார்.

நான் அடுத்த லீட்டரை ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா நின்றுவிட்டார். அவருடைய கண் என் கையில் இருந்தது, பிறகு அரிசியில், பிறகு அந்த ஓட்டையில். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. “பொறுங்கோ அம்மா, எண்ணிக்கை பிழைச்சிடும்” என்றேன்.

அம்மா தேத்தண்ணியைக் காரின் கூரையில் வைத்தார். செருப்பைக் கழற்றினார்.

“விலத்து பிள்ளை” என்றார்.

விலகினேன். அம்மா பெட்டியை, கோயிலில் மாதிரி வலமாக இல்லாமல், இடமாகச் சுற்றத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரரின் வான் நெருக்கமாக நின்றதால் ஹவுஸ்கோட்டை ஒதுக்கிப் பிடித்து, பக்கவாட்டில் நுழைந்து நுழைந்து சுற்ற வேண்டியிருந்தது. ஒரு சுற்று. வான் கண்ணாடியில் தோள் இடித்தது. மூன்று சுற்றும் முடித்து மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அரிசி எடுத்தார். ஓட்டைக்கு மேலே கையைக் கொண்டுபோய் மெதுவாக விரித்தார். மறுபடி ஒரு பிடி. மறுபடி.

“சாப்பிடாமல் போயிட்டியே ராசா” என்றார். “உன்ரை வாய்க்கு ஒரு பிடி அரிசி போட விடேல்லையே.”

அதோடு அம்மா பெட்டியின் மேல் விழுந்து அழுதார். வாய்விட்டு, மார்பில் அடித்து, அவ்வளவு நாளும் அடக்கிவைத்த எல்லாவற்றுக்குமாக அழுதார். கொங்கிறீட்டுக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் எல்லாப் பக்கமும் போய் இடித்துத் திரும்பி வந்தது. மேலே யன்னல்கள் திறந்தன. நான் அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். எலும்பு எலும்பாகக் கையில் பட்டது.

வாசலில் இருந்த வாச்சர் ஓடிவந்தார். களனிப் பக்கத்து மனுசன், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எங்கள் வீட்டுக் கதை தெரியாது. ஒரு பெட்டியையும் சிந்திக்கிடந்த அரிசியையும் அழுகிற கிழவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மொகத அம்மே?” என்று கேட்டார். என்ன அம்மா, என்ன நடந்தது?

அம்மா தலையை நிமிர்த்தினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடைக்காரனிடம் விலை கேட்கிற அதே சிங்களத்தில் அவருக்குப் பதில் சொன்னார்.

“மகே புதா மெருணா.”

என் மகன் செத்துப்போனான். இத்தனை காலமும் தமிழில் எங்களில் ஒருவரிடமும் சொல்லாததைப் பெயர் தெரியாத ஒரு வாச்சரிடம் சொன்னார். அந்த மனுசன் எப்போது என்று கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். இன்றைக்கு நடந்த சாவு என்று நினைத்திருப்பார். அப்படி நினைத்ததில் பிழை ஒன்றும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் அழுகை விம்மலாகக் குறைந்தது. என் தோளைப் பிடித்து எழும்பப் பார்த்தவர், பாதியில் நின்று என் முகத்தைப் பார்த்தார்.

“நீ போட்டனியோ?” என்று கேட்டார்.

மூட்டை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. காலையிலிருந்து நான் முழங்காலிட்டு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எத்தனையாவது லீட்டரில் நின்றேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

“ஓம் அம்மா” என்றேன். “நான் போட்டிட்டன்.”